பெக்கோ, பொக்லைன், ஜேசிபி: மண் தோண்டும் இயந்திரத்துக்குச் சங்கிலிக் கால் வந்த கதை

இயந்திரம் ஒன்றுதான். எங்கள் ஆட்கள் அதற்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். வவுனியாவில் இருக்கிற மாமாவிடம் கேட்டால் "பெக்கோ" என்பார். சென்னையிலிருந்து வந்து உங்கள் வகுப்பில் சேர்ந்த பிள்ளை "ஜேசிபி" என்று சொல்லும். தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் "பொக்லைன் எந்திரம் மூலம் ஆக்கிரமிப்புகள் அகற்றம்" என்று போட்டிருக்கும். மூன்றும் மண் தோண்டும் இயந்திரத்தைத்தான் குறிக்கின்றன. ஸ்காபரோவில் ஒரு வீதியைக் கிண்டிப் போட்டிருக்கும்போது ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் நிற்குமே, அது.

இந்த மூன்றில் எதுவும் தமிழ்ச் சொல் அல்ல. ஜேசிபி என்பது இங்கிலாந்துக் கம்பனி ஒன்றின் பெயர். பொக்லைன் என்பது "பொக்லான்" என்ற பிரெஞ்சுக் கம்பனியின் பெயர். பெக்கோ என்பது "பேக்ஹோ" என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வாயில் உருண்டு வந்த வடிவம். பின்பக்கமாக இழுக்கிற மண்வெட்டி என்று பொருள் சொல்லலாம். இயந்திரம் எந்த வழியாக வந்ததோ அந்த வழியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் படித்தது பொறியியல். வேலை பார்ப்பது கணினித் துறையில். ஒரு பொருளின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினால், அதைச் செய்தவர்கள், அதனால் வேலை இழந்தவர்கள், அதை வைத்து மற்றவர்களின் நிலத்தை மாற்றியவர்கள் என்று எல்லோரும் வரிசையாக வெளியே வருவார்கள். இந்தக் கதையும் அப்படித்தான். இங்கிலாந்தில் தொடங்கி, யூக்கோன் வழியாக, மட்டக்களப்புக்கும் நெய்வேலிக்கும் போய், கடைசியில் எங்கள் யங் வீதிக்கே வரும்.

முதலில் மனிதர்கள்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து முழுவதும் கால்வாய் வெட்டினார்கள். படகு போகும் கால்வாயை அப்போது "நாவிகேஷன்" என்று அழைத்தார்கள். அதை வெட்டிய கூலியாட்களுக்கு "நாவிகேட்டர்" என்று பெயர் வந்து, அது சுருங்கி "நாவி" ஆனது. கால்வாய்க்குப் பிறகு ரயில் பாதை வந்தபோதும் அதே நாவிகள்தான் மலையை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள். 1840களில் ரயில் மோகம் உச்சத்தில் இருந்தபோது பிரித்தானியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நாவிகள் வேலை செய்தார்கள். அவர்களிடம் இருந்தவை மண்வெட்டி, பிக்கான், தள்ளுவண்டி, கொஞ்சம் வெடிமருந்து. நல்ல தேர்ச்சியுள்ள ஒரு நாவி ஒரு நாளில் ஏறக்குறைய 20 தொன் மண்ணை அள்ளுவான் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு பெரிய டம்ப் ட்ரக் நிறைய மண்ணை ஒரு மனிதனின் தோள் தூக்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

வட இங்கிலாந்தில் வுட்ஹெட் என்ற மலைச் சுரங்கத்தை 1830களின் இறுதியிலிருந்து 1845 வரை வெட்டினார்கள். அதில் 32 பேர் இறந்தார்கள், காயப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். எட்வின் சட்விக் என்ற சமூகச் சீர்திருத்தவாதி இந்த இழப்பு விகிதத்தை வாட்டர்லூ போன்ற போர்களின் இழப்போடு ஒப்பிட்டார். அதன் பிறகுதான் 1846இல் நாடாளுமன்றம் ரயில் தொழிலாளர்கள் பற்றி விசாரிக்க ஒரு குழுவை வைத்தது.

தோண்டும் இயந்திரம் அப்போது கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததா? இல்லை. அமெரிக்காவில் வில்லியம் ஒட்டிஸ் என்ற இளைஞர் 1830களிலேயே நீராவியால் மண் அள்ளும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். 1839இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில், முப்பது வயதைக்கூட எட்டாமல், அவர் இறந்துபோனார். அவருடைய இயந்திரங்களில் ஒன்று 1840களில் இங்கிலாந்துக்கும் வந்தது. ஆனாலும் அடுத்த முப்பது ஆண்டுகள் அந்த யோசனை பெரிதாகப் பரவவில்லை. இயந்திரத்துக்குக் கொடுக்கிற காசைவிட மனிதனுக்குக் கொடுக்கிற கூலி மலிவாக இருந்ததுதான் முக்கிய காரணம். அமெரிக்காவில் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் வரிசையில் நின்றார்கள். இங்கிலாந்திலும் ஆட்களுக்குக் குறைவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு இலங்கைக்கு வாருங்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் பாதை 1867இல் திறக்கப்பட்டது. கடுகண்ணாவை மலையைக் குடைந்து அந்தப் பாதையை வெட்டியவர்களில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் பங்கு. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பலர் இறந்தார்கள். ஒட்டிஸின் இயந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது என்பது ஒன்று. அதை உனக்காகச் செலவழிக்க ஒருவன் முன்வருவான் என்பது வேறு. மனித உயிர் மலிவாக இருக்கிற இடத்துக்கு இயந்திரம் பிந்தித்தான் வரும்.

நீராவி நாவி

1870களின் நடுப்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. ஜேம்ஸ் டன்பார் என்பவரின் வடிவமைப்பை வைத்து, இங்கிலாந்தின் லிங்கன் நகரில் இருந்த ரஸ்டன் புரொக்டர் கம்பனி நீராவித் தோண்டிகளைக் கட்டியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "ஸ்டீம் நாவி". நீராவி நாவி! மனிதர்களுடைய வேலையை எடுத்துக்கொண்ட இயந்திரம் அவர்களுடைய பெயரையும் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பெரிய பரீட்சை மான்செஸ்டர் கப்பல் கால்வாய். 1887இல் தொடங்கி 1894இல் திறந்த இந்தக் கால்வாய் 58 கிலோமீற்றர் நீளம். கடலிலிருந்து தூரமான ஒரு நகரத்துக்குக் கப்பலைக் கொண்டுவர வேண்டும் என்று வெட்டினார்கள். அங்கே 97 நீராவித் தோண்டிகள் வேலை செய்தன. அப்படியும் சராசரியாக 12,000 பேர், உச்சத்தில் 17,000 பேர் கையால் வேலை செய்ய வேண்டியிருந்தது. இயந்திரம் வந்தவுடன் மனிதர்கள் காணாமல் போகவில்லை. இயந்திரம் பெரும் மண்ணை அள்ளியது. மூலை, சரிவு, சேறு, பாறை எல்லாம் மனிதனுக்கு மிஞ்சியது.

ஏன் அப்படி? நீராவி நாவியின் பலவீனம் அதன் காலில் இருந்தது. கொதிகலன், நிலக்கரி, தண்ணீர், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்து பல பத்துத் தொன் பாரம். அதை வெறும் மண்ணில் வைத்தால் புதைந்துவிடும். அதனால் ரயில்பெட்டி மாதிரித் தண்டவாளத்தில் நிறுத்தினார்கள். முன்னால் இருக்கிற மண்ணை அள்ளி முடித்ததும், ஒரு கூட்டம் ஆட்கள் வந்து ஒரு துண்டுத் தண்டவாளத்தை முன்னால் போட வேண்டும். இயந்திரம் ஒரு அடி, இரண்டு அடி நகரும். மறுபடி தோண்டும். மறுபடி தண்டவாளம். ஆரம்பத்தில் அதன் கை முழு வட்டமாகச் சுழலவும் இல்லை. 1884இல் லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் விட்டேக்கர் சகோதரர்கள் முழுதாகச் சுழலும் தோண்டியைக் கட்டினார்கள். ஆனாலும் கால் தண்டவாளத்தில்தான் கட்டுண்டு கிடந்தது.

1909இல் ரஸ்டன் புரொக்டர் கட்டிய அப்படி ஒரு நீராவி நாவி இன்னமும் இருக்கிறது. ஆர்ல்ஸி என்ற ஊரில் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் வேலை செய்தது. குழியில் தண்ணீர் நிரம்பியபோது அதைக் கைவிட்டுவிட்டார்கள். பல பத்தாண்டுகள் தண்ணீருக்கடியில் கிடந்த அதை 1970களில் ஆர்வலர்கள் மேலே இழுத்துத் திருத்தினார்கள்.

பாரத்தைப் பரப்பு

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், தரம் 8 கணக்குத்தான்.

பனிக்காலத்தில் சாதாரணச் சப்பாத்தோடு ஆழமான பனியில் இறங்கினால் முழங்கால்வரை போய்விடும். பனிச்சப்பாத்தைக் கட்டிக்கொண்டால் மேலேயே நடக்கலாம். உங்கள் நிறை மாறவில்லை. அதே நிறை அகலமான பரப்பில் விழுகிறது, அவ்வளவுதான். இந்த நாட்டின் முதற்குடிகளுக்கு இது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும்.

இன்றைக்கு வீதியில் நிற்கிற 20 தொன் தோண்டியை எடுங்கள். அதற்கு இரண்டு சங்கிலிப் பட்டைகள். ஒவ்வொன்றும் 3.5 மீற்றர் நீளம், 0.6 மீற்றர் அகலத்தில் நிலத்தைத் தொடுகிறது என்று வையுங்கள். மொத்தப் பரப்பு 4.2 சதுர மீற்றர். 20,000 கிலோவை 42,000 சதுர சென்ரிமீற்றரால் வகுத்தால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. உங்கள் அப்பாவின் கார் ரயர் நிலத்தை அழுத்துவது அதே அளவு இடத்தில் இரண்டு கிலோவுக்கு மேல். அதாவது அந்தப் பெரிய இரும்புப் பூதம் காரைவிட மென்மையாக நிலத்தை மிதிக்கிறது.

இந்தச் சூட்சுமத்தை பிரித்தானியாவில் செயலுக்குக் கொண்டுவந்தவர் டேவிட் ரொபர்ட்ஸ். லிங்கனுக்குப் பக்கத்தில் கிரந்தம் என்ற ஊரில், ஹோர்ன்ஸ்பி கம்பனியின் பொறியாளர். 1904இல் சங்கிலிப் பட்டைக்குக் காப்புரிமை எடுத்தார். இயந்திரம் தன் தண்டவாளத்தைத் தானே முன்னால் போட்டு, அதன் மேல் ஓடி, பின்னால் சுருட்டி எடுத்து, மறுபடி முன்னால் போடுகிறது. நீராவி நாவிக்கு ஒரு கூட்டம் ஆட்கள் செய்த வேலையை அந்தச் சங்கிலி தானே செய்கிறது.

பிரித்தானிய இராணுவம் அதைப் பார்த்து வியந்தது. சிப்பாய்கள் அது மயிர்க்கொட்டி மாதிரி ஊர்கிறது என்று "கேட்டர்பிலர்" எனப் பட்டம் சூட்டினார்கள். ஆனால் பெரிதாக வாங்கவில்லை. ஹோர்ன்ஸ்பி கட்டிய பெரிய நீராவிச் சங்கிலி வண்டி ஒன்று எங்கே போனது தெரியுமா? எங்கள் கனடாவுக்கு. 1909, 1910 ஆண்டுகளில் யூக்கோனில் டோசன் நகருக்கு நிலக்கரி இழுப்பதற்காக அது கடல் கடந்து வந்தது.

வாங்க ஆள் இல்லாததால் முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்பு ஹோர்ன்ஸ்பி அந்தக் காப்புரிமையை அமெரிக்காவின் ஹோல்ட் கம்பனிக்கு விற்றுவிட்டது. கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் தனியாகவே 1904இல் சங்கிலி உழவு இயந்திரத்தைச் செய்து பார்த்திருந்தார். கேட்டர்பிலர் என்ற பெயரையும் வணிகப் பெயராகப் பதிந்து வைத்திருந்தார். அந்தக் கம்பனியின் வழியில் வந்ததுதான் இன்று நாங்கள் தொப்பியிலும் சப்பாத்திலும் பார்க்கிற "கேட்". போர் தொடங்கியதும் பிரித்தானிய இராணுவம் பீரங்கி இழுக்க ஹோல்ட் வண்டிகளையே அமெரிக்காவிலிருந்து வாங்கியது. தன் வீட்டில் பிறந்த யோசனையை விற்றுவிட்டு, அதைக் கடையில் போய் வாங்கிய மாதிரி.

1915இல் அதே லிங்கன் நகரில், வில்லியம் ஃபொஸ்டர் கம்பனியில், "லிட்டில் வில்லி" என்ற முதல் டாங்கி கட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கிய சங்கிலி தளர்ந்து கழன்றுகொண்டே இருந்தது. வில்லியம் ட்ரிட்டன் உட்காந்து புதிய சங்கிலியை வரைந்த பிறகுதான் அது ஒழுங்காக ஓடியது. டாங்கியும் தோண்டியும் ஒரே ஊரின் பட்டறைப் பிள்ளைகள். இதை மறக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

கம்பியிலிருந்து எண்ணெய்க்கு

1918இல் ரஸ்டனும் ஹோர்ன்ஸ்பியும் ஒரே கம்பனி ஆயின. தோண்டி செய்தவர்களும் சங்கிலியைக் கண்டுபிடித்தவர்களும் ஒரு கூரைக்குக் கீழே. 1920களில் தோண்டிகள் தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சங்கிலியில் நடக்கத் தொடங்கின. அமெரிக்காவில் புசைரஸ் கம்பனி இதைச் சில ஆண்டுகள் முன்பே செய்திருந்தது. 1930இல் இரண்டு நாட்டுக் கம்பனிகளும் சேர்ந்து லிங்கனில் ரஸ்டன்-புசைரஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. நீராவி போய் டீசல் வந்தது. பிரித்தானியாவின் கட்டட வேலைத் தளங்களில் பல பத்தாண்டுகள் "ஆர்பி" என்ற இரண்டெழுத்துப் பழக்கமான காட்சி.

ஹல் நகரில் பிரீஸ்ட்மன் சகோதரர்கள் என்று இன்னொரு கம்பனி. அவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்த விதம் வேடிக்கையானது. 1870களில், ஸ்பெயினின் வீகோ விரிகுடாவில் மூழ்கிக் கிடப்பதாக நம்பிய புதையலைக் கடலடியிலிருந்து அள்ள ஒரு இரும்புக் கை செய்து தரச் சொல்லி அவர்களிடம் கேட்டார்கள். தங்கம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரும்புக் கை சேறு அள்ள நன்றாக உதவியது. பிறகு அவர்கள் தங்கள் தோண்டிகளுக்கு ஓநாய், புலி, சிங்கம் என்று பெயர் வைத்து விற்றார்கள்.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் சேர்ச்சிலுக்கு ஒரு யோசனை வந்தது. எதிரியின் எல்லைவரை இரவோடு இரவாகப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு போகும் ஒரு இராட்சத இயந்திரம். லிங்கனில் ரஸ்டன்-புசைரஸ் அதைக் கட்டியது. 130 தொன் பாரம். ஆனால் 1940இல் ஜேர்மனியின் வேகமான டாங்கிகள் பதுங்குகுழிப் போரையே பழைய கதையாக்கிவிட்டதால், அது ஒரு நாளும் போருக்குப் போகவில்லை. போரில் உண்மையாகப் பயன்பட்டவை விமான ஓடுபாதைக்கும் திறந்தவெளி நிலக்கரிக்கும் மண் அள்ளிய சாதாரணத் தோண்டிகள்.

இந்தக் காலத்துத் தோண்டிகள் எல்லாம் இரும்புக் கம்பிவடத்தால் இயங்கியவை. வாளியைத் தூக்க ஒரு வடம், இழுக்க ஒரு வடம். ஓட்டுநர் கைப்பிடிகளையும் கால்மிதிகளையும் ஒரே நேரத்தில் கணித்து இயக்க வேண்டும். அதில் கை தேறப் பல வருடம் எடுக்கும்.

இதை மாற்றியது எண்ணெய் அழுத்தம். குழாயில் அடைபட்ட எண்ணெயை ஒரு முனையில் அழுத்தினால் மறு முனையில் அதே அழுத்தம் கிடைக்கும் என்ற பஸ்காலின் விதி உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இன்றைய தோண்டியில் எண்ணெயின் அழுத்தம் 340 பார் அளவில் இருக்கும். 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் அதைச் செலுத்தினால் ஏறக்குறைய 39 தொன் தள்ளுவிசை. வடம் இழுக்கத்தான் முடியும். உருளை இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். வாளியை மண்ணுக்குள் அழுத்திக் குத்த முடிந்தது அதனால்தான்.

பாரிசுக்குப் பக்கத்தில் விவசாயக் கருவி செய்துகொண்டிருந்த ஜோர்ஜ் பத்தாயின் பொக்லான் கம்பனி 1951இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தோண்டியைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட், 1945இல் ஒரு சின்னக் கராஜில் தொழில் தொடங்கியவர், 1953இல் உழவு இயந்திரத்துக்கு முன்னால் அள்ளும் வாளியும் பின்னால் தோண்டும் கையும் பூட்டினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் ஜேசிபி. எங்கள் ஆட்கள் பெக்கோ என்று சொல்லத் தொடங்கியது இந்த வகையைப் பார்த்துத்தான். வேல்ஸில் ஹைமாக் கம்பனி 1960களில் சங்கிலிக் காலும் எண்ணெய்க் கையும் சேர்ந்த தோண்டிகளைப் பெருமளவில் விற்றது. 1964இல் ஜேசிபியும் முழுச் சுற்றுச் சுழலும் தன் முதல் சங்கிலித் தோண்டியை வெளியிட்டது. பிரித்தானியா நெடுஞ்சாலைகள் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஐந்து ஆண்டுகள் முன்பு, 1959 நவம்பரில், எம்1 சாலையின் முதல் பெரும் பகுதி திறக்கப்பட்டிருந்தது. 55 மைல் அளவுள்ள பாதையை 19 மாதத்தில் போட்டார்கள். நாவிகளின் காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத வேகம்.

எங்கள் மண்ணில்

வேகம் நல்லதுதானே? எங்கள் ஊர்களில் அது என்ன செய்தது என்று பார்ப்போம்.

மட்டக்களப்பின் தெற்கே பட்டிப்பளை ஆறு ஓடுகிறது. சிங்களத்தில் கல்லோயா. இலங்கை சுதந்திரம் அடைந்த மறு ஆண்டு, 1949இல், பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் அரசு அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறிக்கத் தொடங்கியது. ஒப்பந்தம் எடுத்தது அமெரிக்காவின் மொரிசன்-நுட்சன் கம்பனி; ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் இருந்த கம்பனி. அவர்கள் கனரக இயந்திரங்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். பழைய காலத்தில் ஒரு பெரிய குளம் கட்டத் தலைமுறை எடுக்கும். இங்கே ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமான மண் அணை சில ஆண்டுகளில் எழுந்தது. காடு வயலானது. கீழே இருந்த தமிழ், முஸ்லிம் விவசாயிகளின் வயல்களுக்கும் தண்ணீர் பாய்ந்தது. அதை மறைக்கக் கூடாது.

ஆனால் அணை மட்டும் வரவில்லை. புதிய நிலத்தில் ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்களை அரசு குடியேற்றியது. கிழக்கின் குடிசனக் கணக்கு மாறியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கிடையில், 1956 யூன் மாதம், சிங்களம் மட்டும் சட்டம் வந்த நாட்களில், கல்லோயாவில் தமிழர்மேல் தாக்குதல் நடந்தது. குடியேற்றவாசிகளும் திட்டத்தில் வேலை செய்தவர்களும் அரசாங்க வாகனங்களையும் பாறை உடைக்க வைத்திருந்த வெடிமருந்தையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கொல்லப்பட்டவர்கள் 150 பேர்வரை என்று கணக்கிடுகிறார்கள். அணை கட்ட வந்த பொருட்களே ஆயுதமாயின. டாங்கியும் தோண்டியும் ஒரே பட்டறைப் பிள்ளைகள் என்று சொன்னேன் அல்லவா?

தமிழ்நாட்டுக்கு வாருங்கள். நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் 1930களில் தன் நிலத்தில் தண்ணீருக்குக் கிணறு துளைத்தபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அது பழுப்பு நிலக்கரி. பவல் டஃப்ரின் என்ற பிரித்தானியக் கம்பனி திட்ட அறிக்கை எழுதியது. 1956இல் நிறுவனம் பதிவாகி, 1957 மே 20இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஜேர்மனியிலிருந்து வந்தவை ஒரு மாபெரும் சக்கரத்தில் வாளிகள் பூட்டிய சங்கிலித் தோண்டிகள். ஜேர்மனியின் மென்மையான மண்ணுக்குச் செய்த வாளிப் பற்கள் கடலூர் மணற்கல்லில் தேய்ந்து போயின. பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்தி, பிறகு தோண்டப் பழக வேண்டியிருந்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்கவும் வேண்டும். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளியே தெரிந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் விளக்கு எரிந்தது. அந்தச் சுரங்கத்துக்காக ஊர்களையும் வயல்களையும் விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றும் வேலையும் இழப்பீடும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பொக்லைன் என்ற பெயர் பிறகுதான் வந்தது. 1970களில் லார்சன் அண்ட் டூப்ரோ கம்பனி பொக்லானோடு சேர்ந்து இந்தியாவில் தோண்டி செய்யத் தொடங்கியது. 1979இல் ஜேசிபியும் இந்தியாவுக்குள் வந்தது. பிரான்சில் அந்தப் பெயரில் இப்போது தோண்டிகள் விற்பனைக்கு வருவதில்லை. தமிழ்ச் செய்தித்தாளில் மட்டும் அது தினமும் வேலைக்குப் போகிறது.

எங்கள் யங் வீதி

கல்லோயா தொடங்கிய அதே 1949இல், செப்டம்பர் 8ஆம் திகதி, ரொறன்ரோவில் யங் வீதியைத் தோண்டத் தொடங்கினார்கள். கனடாவின் முதல் சுரங்க ரயில். வீதியை மேலிருந்து வெட்டித் திறந்து, மரப்பலகையால் மூடி அதன்மேல் போக்குவரத்தை விட்டு, கீழே சுரங்கத்தைக் கட்டினார்கள். 1954 மார்ச் 30இல் யூனியன் நிலையத்திலிருந்து எக்ளின்ரன்வரை 12 நிலையங்களோடு ரயில் ஓடியது. அப்போதே தோண்டும் இயந்திரங்கள் இருந்தன.

ஆனாலும் மனிதன் கீழே இறங்க வேண்டிய இடங்கள் இருந்தன. 1960 மார்ச் 17இல், யங் வீதிக்கும் யோர்க் மில்ஸுக்கும் பக்கத்தில் ஹொக்ஸ் ஹொலோ என்ற இடத்தில், டொன் ஆற்றுக்குக் கீழே தண்ணீர்க் குழாய்க்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தீப்பிடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். ஐவரும் இத்தாலியிலிருந்து வந்த குடியேறிகள். ஒழுங்கான பாதுகாப்புக் கருவிகள்கூட அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. நகரம் கொதித்தது. அந்த மரணங்களுக்குப் பிறகுதான் ஒன்ராறியோ தன் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்தி எழுதியது. இன்று வேலைத்தளத்தில் உங்கள் அண்ணாவோ சித்தப்பாவோ தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டியும் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்றால், அதில் அந்த ஐவரின் பங்கு இருக்கிறது.

அயர்லாந்து நாவி, கடுகண்ணாவைத் தமிழர், ஹொக்ஸ் ஹொலோ இத்தாலியர். நாடு வேறு, மொழி வேறு. புதிதாக வந்தவன், குறைந்த கூலிக்கு வருபவன், முறைப்பாடு சொல்ல மொழி தெரியாதவன்தான் குழிக்குள் முதலில் இறக்கப்படுகிறான். சங்கிலிக் காலும் எண்ணெய்க் கையும் அவனுடைய முதுகைக் காப்பாற்றின. அதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். "முன்பு எல்லாம் கையால் செய்தார்கள், எவ்வளவு அழகு" என்று ஏங்குபவர்கள் ஒரு நாள் பிக்கான் பிடித்துப் பார்க்கட்டும். ஆனால் எந்த நிலத்தைத் தோண்டுவது, யாருடைய வீட்டை இடிப்பது, வரும் தண்ணீர் யாருக்கு என்பதை இயந்திரம் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்பவர் பெரும்பாலும் வேலைத்தளத்திலேயே இருப்பதில்லை. உங்களில் சிலர் பொறியியல் படிக்கப் போகிறீர்கள். சிலர் நகரத் திட்டமிடல், சிலர் சட்டம். அந்த முடிவு எடுக்கும் மேசையில் நாளைக்கு நீங்கள் உட்காரக்கூடும். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

இரண்டு வேலை செய்யலாம். யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் அந்த ஐந்து தொழிலாளர்களின் நினைவாக ஒரு பெரிய தையல் துணிப்படம் 2010 முதல் இருக்கிறது. அடுத்த முறை அந்த வழியாகப் போனால் இறங்கி நின்று அவர்களுடைய பெயர்களை வாசியுங்கள். பிறகு வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ, உங்கள் ஊர்க் கிணற்றையும் குளத்தையும் வெட்டியவர்கள் யார் என்று கேளுங்கள். எந்த ஊர் ஆட்கள், என்ன கூலி, மண்ணைக் கடகத்தில் யார் சுமந்தார்கள் என்று கேட்டு, சொல்வதை அப்படியே ஃபோனில் பதிவு செய்து வையுங்கள். லிங்கனின் இயந்திரங்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் குளம் வெட்டியவர்களின் கதை இப்போதைக்கு அம்மம்மாவின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.